நீலத்தின் மலை

சென்ற கோடையில் என் இரு கண்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு நிலவியது. இடக்கண்ணின் புரையை அகற்றிப் புதிய வில்லை பொருத்தியிருந்தார்கள்; வலக்கண் தன் முறைக்குக் காத்திருந்தது. ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து பார்த்தால், சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தாள் இடக்கண்ணுக்கு நீலம் ஓடிய பளிச்சென்ற வெண்மையாகவும், வலக்கண்ணுக்குக் காய்ச்சி ஆறிய பாலாடையின் மஞ்சளாகவும் தோன்றும். பல்லாண்டுகளாக நான் வெள்ளை என்று நம்பியிருந்தது வெள்ளையன்று என்பதைக் கட்டுப் பிரித்த அன்றுதான் அறிந்தேன். வீட்டுக்கு வந்ததும் அடுக்கியிருந்த வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இவ்வளவு வெளுப்பா!" என்று வியந்து நின்றேன்.

"கட்டுன நாள்லேருந்து தோய்ச்சுப் போடுறேன்," என்றாள் என் மனைவி. "இப்பதான் ஐயாவுக்குக் கண்ணு தொறந்துது."

கண்களை நம்ப இயலாதவனுக்கு ஒளிப்படக் கருவியில் ஒரு நல்ல துணை உண்டு. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பின், சுற்றுப்புறத்து ஊர்க் கோயில்களின் கல்வெட்டுகளைப் படியெடுப்பதற்காகவே நான் அந்தக் கருவியை வாங்கினேன். நண்பகல் வெயிலில் கோயில் மதிலருகே நிற்கும்போது கருவியின் திரை, எடுத்த படத்தைக் காட்டாமல் என் முகத்தையும் என் தலைக்கு மேலுள்ள வானத்தையும்தான் காட்டும். படம் சரியாக வந்ததா என்று அங்கேயே தெரிந்துகொள்ள ஒரு வரைபடம் மட்டுமே உதவிற்று. எடுத்த படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் ஒளியளவுக்கேற்ப இடமிருந்து வலமாக அடுக்கிக் குவித்துக் காட்டும் வரைபடம் அது. இடக்கோடியில் முழு இருள். வலக்கோடியில் முழு வெண்மை. எந்த அளவு ஒளி படத்தில் மிகுதியோ அந்த இடத்தில் குவியல் உயர்ந்து மலையாக நிற்கும். மலை இடச் சுவரில் போய் மோதினால், நிழலுக்குள் இருந்தவை புதைந்துவிட்டன என்று பொருள். வலச் சுவரில் மோதி வெட்டுண்டு நின்றால், வெளிச்சத்துக்குள் இருந்தவை எரிந்துவிட்டன என்று பொருள். புதைந்ததை வீட்டுக்கு வந்து கணினியில் ஓரளவு தோண்டி எடுத்துவிடலாம். எரிந்ததை எவராலும் மீட்க இயலாது.

கருவியோடு வந்த கையேடு இதனை ஹிஸ்டோகிராம் என்கிறது. பள்ளிக் கணக்கு நூல்கள் நிகழ்வுச் செவ்வகம் என்கின்றன. நான் என் குறிப்புகளில் ஒளிவரை என்று எழுதி வந்தேன். என் மனைவி ஒருநாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதென்ன, மலையாட்டம்?" என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு மலை என்பதே பெயர். வெளியூர் சென்று நான் திரும்பினால் கால் கழுவுவதற்கு முன்பே, "இன்னைக்கு மலை எப்படி?" என்று கேட்பாள். சுவரைத் தொடாமல் நின்றது என்று நான் சொன்னால் காப்பி உடனே வரும்.

முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் நகரின் முத்தியால்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீட்டார் இசுலாமியர். வீட்டுத் தலைவர் பெரிய அங்காடிக்கருகில் நூலும் பொத்தானும் விற்கும் கடை வைத்திருக்கிறார். தெருவில் எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். அவர் என்னை வாத்தியாரே என்பார். அவருடைய மனைவியார் பூத்தையல் செய்பவர். அதிலும் அவருடைய துறை தனித்துறை: வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைப்பது. கிறித்தவக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது அணிவிக்கும் திருமுழுக்கு உடை, தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் சிறுமியரின் முக்காடு, மணப்பெண்ணின் நீள்திரை ஆகியவை அவர் கையில் உருவாகிக் கடற்கரைப் பக்கத்துக் கடைகளுக்குச் செல்லும். அங்கே கடையின் பெயர் பொறித்த அட்டை கட்டப்பட்டு, பிரான்சு வரைக்கும் பயணம் போகும். தைத்தவர் யார் என்பது வாங்கியவருக்கும் தெரியாது, அணிந்தவருக்கும் தெரியாது.

வெள்ளையில் வெள்ளை எவ்வாறு தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. அவருடைய செய்முறை அதற்கு விடை சொல்லும். துணி வாங்கியதும், ஊசி படுவதற்கு முன்பே, அதைச் சொட்டு நீலம் கலந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துவார். அதன்மேல் ஓட்டுவது நீலமே படாத, பால்நிறப் பட்டு நூல். முடித்த பின் அதற்கு நீராட்டு இல்லை. உட்புறம் திருப்பித் தேய்ப்பதோடு சரி. நாலடி தள்ளி நின்றால் ஒரே வெண்மை. குனிந்து நோக்கினால் குளிர்ந்த வெள்ளையின்மேல் வெதுவெதுப்பான வெள்ளையில் கொடியும் இலையும் முல்லை மொட்டும் மெல்ல எழுந்து வரும்.

நகரில் ஆண்டுதோறும் கைவினைக் கண்காட்சி ஒன்று நடைபெறுகிறது. அதில் இடம் பெற்றவர்களின் வேலைப்பாடு அவரவர் பெயரோடு வைக்கப்படும். தேர்வு முழுதும் ஒளிப்படங்களைக் கொண்டுதான். முந்தைய ஆண்டு அந்த அம்மையார் ஒரு முக்காட்டைப் படமெடுக்கச் செய்து அனுப்பியிருந்தார். சில நாள் கழித்துத் தொலைபேசியில் ஓர் அலுவலர் அழைத்தார். "அம்மா, துணியோட படம் வந்திருக்கு. வேலைப்பாட்டோட படம் வரலியே?" என்று பணிவாகவே கேட்டார். "அதாங்க சார் வேலைப்பாடு," என்று இவர் சொன்னதை அவர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டாராம். படத்தில் இருந்தது வெறும் வெள்ளைத் தாள் போன்ற ஒன்று. இந்தக் கதையை அம்மையார் என் மனைவியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு சில நாள்கள் அவர் வீட்டுச் சாளரத்தருகே ஊசியோடு அவர் அமர்ந்ததைக் காணவில்லை.

இந்த ஆண்டு அவர் வேலை செய்த திருமுழுக்கு உடை, அவரே சொன்னதுபோல், அவர் கையில் பிறந்தவற்றுள் தலைசிறந்தது. நகரின் கிழக்குப் பகுதியில் வாழும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பெண்மணி ஒருவர், பாரிசில் பிறந்திருக்கும் தம் தம்பி பேரனுக்காக நேரே வந்து சொல்லிச் செய்வித்தது. கழுத்திலிருந்து கால்வரை கொடியோடும் நீண்ட அங்கி. அது முடிந்த மறுநாளே அந்தப் பெண்மணி வானூர்தி ஏறுகிறார். மாலை ஐந்து மணிக்கு மகிழுந்தோடு வந்து பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. கண்காட்சிக்குப் படம் அனுப்ப இறுதி நாளும் அதுவே. தையல் முந்தைய நாள் மாலைதான் முடிந்திருந்தது. நடுவில் மின்சாரம் நின்றபோதுகூடச் சாளரத்து மங்கல் ஒளியில் அம்மையார் தைத்து முடித்தார். ஆகவே உடை கையில் இருக்கும் பகல் ஒன்று, அந்த ஒன்றுதான்.

காலையில் பாய் எங்கள் வாயிலில் வந்து நின்றார். பின்னால், தலையணை உறைக்குள் பொதிந்த அங்கியை இரு கைகளிலும் ஏந்தியபடி அவர் மனைவியார்.

"வாத்தியாரே, கல்லுல இருக்கற எழுத்தையெல்லாம் புடிச்சிட்டு வர்றீங்களே. நம்ம வூட்டு வெள்ளைய ஒரு புடி புடிக்க முடியுமா?"

"கல்வெட்டு கருங்கல்லுல இருக்கு, பாய். எழுத்துக்குள்ள நிழல் விழும். இது வெள்ளையில வெள்ளை."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். சாதா வேலைன்னா ஸ்டூடியோவுக்குப் போயிருப்பேன்."

"போன வருஷம் போனீங்களே," என்றார் அவர் மனைவியார்.

"அந்த அனுபவத்துலதான் சொல்றேன்."

"சார், இவர உடுப்பைத் தொட விடாதீங்க. வெள்ளையப் பாத்தா இவருக்குத் தும்மல் வரும்," என்று அவர் என்னை எச்சரித்தார். பாய் அப்போதே ஒரு தும்மல் போட்டு அதை மெய்ப்பித்தார்.

மாடியில் படிக்கட்டு அறையின் நிழல் விழும் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நேர் வெயில் படாத, வானம் முழுதும் திறந்த இடம். கொடிக்கம்பியில் அங்கியைத் தொங்கவிட்டு, முக்காலியில் கருவியை நிறுத்தினேன். ஒளிப்படக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு மூடநம்பிக்கை உண்டு: காணும் காட்சி யாவும் சாம்பல் நிறமே என்று அவை எண்ணும். வெள்ளையை மட்டும் காட்டினால், ஒளி மிகுந்துவிட்டது என்று அஞ்சி, அதைச் சாம்பலாக்கிவிடும். முதல் படத்தில் அதுவே நேர்ந்தது. மலை நடுவில் நின்றது. கருவியின் பேச்சைக் கேளாமல் ஒளியைப் படிப்படியாகக் கூட்டினேன். மலை வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து, சுவருக்கு ஒரு மயிரிழை இப்புறம் வந்து நின்றது. இதைக் காட்டிலும் செம்மையாக ஒரு வெள்ளைத் துணியின் ஒளியை அளக்க இயலாது. கல்வெட்டு ஆண்டுகள் தந்த பயிற்சி இது என்று உள்ளுக்குள் எனக்கு மகிழ்ச்சி.

"மலை எப்படி?" என்றாள் என் மனைவி.

"சுவரத் தொடல."

"அப்ப எல்லாருக்கும் காப்பி," என்று அவள் கீழே இறங்கினாள்.

காப்பிக் குவளைகளோடு நால்வரும் என் அறையில் கணினியின் முன் கூடினோம். படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினேன். அங்கி வந்தது. வெண்மையும் வந்தது. கொடி வரவில்லை. கழுத்தருகே ஏதோ கசங்கியதுபோல் ஒரு தடம். இடுப்பருகே புகைபோல் ஒரு மங்கல். இலை என்றோ மொட்டு என்றோ உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை.

பாய் காப்பிக் குவளையை மேசையில் வைத்தார். அவர் மனைவியார் முக்காட்டின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு திரையையே பார்த்தார்.

"இந்த வருஷமும் துணிதான் வந்திருக்கு, சார்," என்றார்.

அந்தக் குரலில் குறை கூறல் இல்லை. அதனாலேயே என்னால் நாற்காலியில் அமர்ந்திருக்க முடியவில்லை. மலை சுவரைத் தொடவில்லை. எதுவும் எரியவில்லை. எரியாத ஒன்று எப்படிக் காணாமற் போகும்?

"கேமராவுக்குத் தெரியட்டும்னு இந்தத் தடவை நீலத்தக்கூட கொஞ்சம் தூக்கலா போட்டேன்," என்றார் அவர், என் மனைவியைப் பார்த்து. "நல்லா எடுத்துக் காட்டும்னு நெனச்சேன் அக்கா."

நான் அங்கியை வாங்கிச் சாளரத்தருகே கொண்டுபோய்ப் பிடித்தேன். அப்போது கண்ணில் ஏதோ உறுத்த, வலக்கண்ணைத் தேய்த்தேன். ஒரு கணம் இடக்கண் மட்டும் அங்கியைப் பார்த்தது: நீலம் ஓடிய குளிர் வெண்மையின்மேல் பால்நிறக் கொடி, ஒவ்வொரு நரம்பும் தெளிவாக. கையை எடுத்து, இம்முறை இடக்கண்ணை மூடினேன். வலக்கண்ணில் எல்லாம் ஒரே மஞ்சள் வெள்ளை. கொடி துணிக்குள் கரைந்து மறைந்தது. மறுபடி இடம். மறுபடி வலம்.

"என்னங்க, எதிர் வூட்டு மாடியில யாருக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"கொஞ்சம் இரு," என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

புரை படிந்த என் வலக்கண்ணுக்குள் நீல ஒளி சரிவர நுழைவதில்லை. நீலம் இல்லாத அந்தக் கண்ணுக்குக் கொடியும் இல்லை. ஆக, துணிக்கும் நூலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ முழுவதும் நீலத்தில்தான் இருக்கிறது. அந்த அம்மையாரின் கலையே அங்கேதான் குடியிருக்கிறது. கணினியில் தெரிந்த படமோ என் வலக்கண் கண்டதைப் போலவே இருந்தது. கருவிக்குப் புரை இல்லையே! அதனுள் நீலத்துக்கு என்ன நேர்ந்தது?

நான் இதுவரை பார்த்து வந்தது மூன்று நிறங்களையும் ஒன்றாகக் கூட்டிய மலை. மனிதக் கண்ணுக்கு நீலம் அவ்வளவாக வெளிச்சம் தருவதில்லை என்பதால், அந்தக் கூட்டலில் நீலத்துக்கு மிகச் சிறிய பங்கே தரப்படும். கருங்கல்லை எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கூட்டுமலையே போதுமானதாக இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மலை காட்டும் பக்கம் ஒன்று கருவியில் உண்டு. கையேட்டில் படித்ததோடு நிறுத்தியிருந்தேன். இப்போது பொத்தானை அழுத்தி அதைத் திறந்தேன்.

சிவப்பு மலை ஒழுங்காக நின்றது. பச்சை மலையும் ஒழுங்காக நின்றது. நீலத்துக்கு மலையே இல்லை. வலச் சுவரோடு ஒட்டிய ஒற்றைத் தூணாக அது நெட்டுக்குத்தாக நின்றது. நீலம் குறையவில்லை, வழிந்துவிட்டது.

"பாய், இங்க வாங்க," என்றேன். "கெடச்சிட்டான்."

"யாரு?"

"நீலம்."

திரையைக் காட்டி விளக்கினேன். மாடி நிழலில் நம் அங்கிக்கு ஒளி தந்தது வெயில் அன்று, நீல வானம். அந்த ஒளியே நீலம். துணியில் தோய்த்தது மேலும் நீலம். இம்முறை சற்றுக் கூடுதல் வேறு. துணியின் நீலமும் நூலின் நீலமும் இரண்டும் சுவரில் போய் முட்டி ஒரே உயரமாகிவிட்டன. வேற்றுமை இருந்த இடம் அதுவே என்பதால் வேற்றுமையே ஒழிந்தது.

"அப்ப நம்ம வூட்டு நீலந்தான் குத்தவாளியா?" என்று பாய் தம் மனைவியாரை ஓரக்கண்ணால் பார்த்தார். "எத்தனவாட்டி சொன்னேன், அளவா போடுன்னு."

"நீங்க எப்ப சொன்னீங்க? நீலம் எந்த டப்பாவுல இருக்குன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"குத்தவாளி இல்ல, பாய்," என்றேன். "நீலந்தான் நமக்கு ஒரே சாட்சி. கூட்டத்துல நசுங்கிப் போய் வாயத் தொறக்க முடியாம நிக்குது. அதுக்கு இடம் குடுத்தா எல்லாத்தையும் சொல்லிடும்."

மாடியிலேயே ஒளியைக் குறைத்தால் நீலம் சுவரை விட்டு விலகும். ஆனால் சிவப்பும் பச்சையும் அதனோடு சரிந்து துணி அழுக்குச் சாம்பலாகிவிடும். வேண்டியது நீலம் குறைந்த ஒளி. அதுவும் ஒரு பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளி. அப்போதுதான் நூலின் மேடு தன் நிழலைத் துணியில் வீழ்த்தும். மின்விளக்கு போடலாமா என்று பாய் கேட்டார். என் மனைவி இடைமறித்தாள்.

"மஞ்ச வெளிச்சம்தானே வேணும்? மத்தியானம் ஆனா நம்ம கூடம் பூரா மஞ்சக் காமாலை புடிச்சாப்புல ஆயிடுமே. எதுத்த வூட்டுக்காரரு அந்தச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சதுலேருந்து எனக்கு அதே வயித்தெரிச்சல்."

நான் அவளை வணங்கத்தான் வேண்டும். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. எதிர் வீட்டின் முகப்பு இவ்வூரின் வழக்கமான ஆழ்ந்த மஞ்சள். உச்சி சாய்ந்ததும் வெயில் எங்கள் கூரையைத் தாண்டி அந்தச் சுவரில் விழும். சுவர் அதை மஞ்சளாக்கி எங்கள் கூடத்துக்குள் திருப்பி அனுப்பும். அவ்வளவு நாளாக அவள் திட்டித் தீர்த்த அந்த ஒளிதான் அன்று எங்களுக்கு வாய்த்தது. ஆனால் அதற்கு எல்லை உண்டு. பொழுது சாயச் சாய எங்கள் வீட்டின் நிழலே எதிர்ச்சுவரில் அடியிலிருந்து ஏறும். மேல்விளிம்பை அது எட்டினால் கூடம் இருண்டுவிடும். மகிழுந்து வருவதும் அந்த வேளைதான்.

கூடத்தின் தென்சுவரில் இருந்த படங்களையெல்லாம் பாய் கழற்றினார். வாயிலிலிருந்து வரும் ஒளி பக்கவாட்டில் தழுவுமாறு அங்கியை அங்கே தொங்கவிட்டோம். கருவிக்கு அந்த மஞ்சளே வெள்ளை என்று கற்பித்தேன். வலக்கண்ணைக் காட்சித்துளையில் வைப்பது என் நெடுநாள் பழக்கம். அன்று இடக்கண்ணுக்கு மாறினேன். முதல் படத்தை எடுத்து மூன்று மலைகளையும் பார்த்தேன். சிவப்பு சுவருக்கு அருகே வந்து கண்ணியமாக நின்றிருந்தது. பச்சை அதற்குச் சற்று இப்பால். நீலம் தூணாக இருந்தது போய், அகன்ற அடிவாரமும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரு முகடுகளும் கொண்ட மலையாகப் படர்ந்திருந்தது. உயர்ந்த முகடு துணி; தாழ்ந்த முகடு நூல். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கைக் கண்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்னா வாத்தியாரே, பையன் பாஸாயிட்டானா?" என்றார் பாய், படச் சட்டங்களைக் கட்டிக்கொண்டு நின்ற நிலையிலேயே.

"முதல் வகுப்பு."

முழு உருவம், கழுத்து, கைமுனை, கீழ் விளிம்பு என்று வரிசையாக எடுத்து, கணினியை அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்து திறந்தேன். இம்முறை யாரும் பெரிதாக்கிக் காட்டச் சொல்லவில்லை. காட்ட வேண்டிய தேவையே இல்லை. கொடி துணியிலிருந்து எழுந்து நின்றது. முல்லை மொட்டுகளின் நுனியில் நூல் முறுக்கிய திசைகூடத் தெரிந்தது. அந்த அம்மையார் அருகே வந்து, திரையில் விரல் படாமல், கொடியின் போக்கிலேயே விரலை மெதுவாக நகர்த்தினார். கழுத்து, தோள், நெஞ்சு. திடீரென விரல் நின்றது.

"யா அல்லாஹ்!"

நாங்கள் மூவரும் திரையை நோக்கிக் குனிந்தோம்.

"இந்த எலையப் பாருங்க. நடு நரம்பு இல்ல! நேத்து கரண்ட் போனப்ப வுட்டுட்டேன்." அவர் திரும்பியபோது முகம் முழுதும் சிரிப்பு. "சார், என் தப்பு தெரியுது சார்! தப்பே தெரியுதுன்னா எல்லாமே தெரியுதுன்னுதானே அர்த்தம்?"

"வூட்டுல நான் ஒரு தப்பு காட்டுனா மூஞ்சியத் தூக்கிக்குவா," என்று பாய் என் மனைவியிடம் முறையிட்டார். "கேமரா காட்டுனா சந்தோசத்தப் பாத்தீங்களா?"

"நீங்க காட்டுறது எல்லாம் இல்லாத தப்பு," என்று சொல்லிக்கொண்டே அவர் அங்கியைச் சுவரிலிருந்து இறக்கினார். கடையிலிருந்து பாய் கொண்டுவந்திருந்த பையில் பட்டு நூலும் ஊசியும் இருந்தன. எதிர்ச்சுவரில் நிழல் சாளரத்து மேல்மட்டத்தைத் தாண்டிவிட்டது. அவர் வாயிற்படியருகே தரையில் அமர்ந்து ஊசியைக் கோத்தார்.

அந்நேரம் தெருமுனையில் மகிழுந்தின் ஒலி கேட்டது. சந்துக்குள் அது நுழையாது. அங்கி செய்வித்த பெண்மணி நடந்தே வந்தார். பயண உடையும் தோள்பையுமாக உள்ளே எட்டிப் பார்த்தவர், தம்பி பேரனுக்கான அங்கியில் இன்னும் ஊசி ஓடுவதைக் கண்டு திகைத்தார்.

"மொன் தியே! ஆண்டவரே, இன்னும் முடியலியா? எனக்கு ஃப்ளைட்டு இருக்கும்மா."

"முடிஞ்சிது மதாம். ஒரு நரம்புதான்," என்று நிமிராமலே சொன்னார் இவர்.

"எந்த நரம்பு? எனக்கு ஒண்ணும் குறை தெரியலியே."

"உங்களுக்குத் தெரியாது. எனக்கு இனிமே ராத்திரி தூக்கம் வராது."

பெண்மணி கணினித் திரையைக் கண்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். கொடி முழுவதையும் கழுத்திலிருந்து விளிம்புவரை பார்த்து முடித்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்தார்.

"இதப் பாத்தப்புறம் அவசரப்படுத்துனா நான் மனுஷியே இல்ல. தைங்க," என்றார்.

அம்மையார் நரம்பை முடித்து நூலை அறுத்தார். அங்கி மீண்டும் சுவரேறியது. எதிர்ச்சுவரின் உச்சியில் ஓர் அகலமான பட்டைதான் வெயில் மிஞ்சியிருந்தது. கூடத்தின் மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்தது. படம் எடுக்கும் நேரத்தை நீட்டினேன். யாரும் நடக்க வேண்டாம் என்றேன். பாய் தம் மூக்கை இரு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டார். கருவி மெல்லத் திறந்து மூடியது. மலைகளைப் பார்த்தேன். ஒரு நரம்பு கூடியதற்காக அவை அணுவளவும் அசையவில்லை. நீலத்தின் இரு முகடுகளும் நடுப் பள்ளத்தாக்கும் அவ்வாறே இருந்தன. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் இக்கரையில், கணக்கில் தெரியாத அளவுக்கு, ஓர் இலை நரம்பு புதிதாகக் குடியேறியிருந்தது என்பதை அந்தக் கூடத்தில் இருந்த ஐவரும் அறிந்திருந்தோம்.

"மெர்சி, மெர்சி," என்று நன்றி சொல்லி, என் கையையும் அம்மையாரின் கையையும் பற்றிக் குலுக்கிவிட்டு, அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி விரைந்தார். அவர் தெருமுனையை அடையும் முன்பே பாய் அடக்கிவைத்திருந்த தும்மல்கள் அத்தனையும் வெளிவந்தன. அன்று விளக்கு வைக்கும் வேளையில் படங்கள் கண்காட்சிக்குச் சென்று சேர்ந்தன.

தேர்வான செய்தி வந்த அன்று அடுத்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பெரிய ஏனத்தில் சேமியாப் பாயசம் வந்தது. உடை பாரிசில் இருப்பதால் படத்தையே பெரிதாக அச்சிட்டு வைக்கலாம் என்று கண்காட்சியார் ஒப்புக்கொண்டிருந்தனர்.

தொடக்க நாளன்று நாங்கள் நால்வரும் சென்றோம். அதற்குள் என் வலக்கண்ணுக்கும் புது வில்லை பொருத்தியாகிவிட்டது. இரு கண்களும் கருத்தொருமித்து அந்தப் படத்தைப் பார்த்தன. ஆளுயர அச்சு. வாயில் பக்கத்து விளக்கொளியில் கொடி மேடிட்டு நின்றது. கீழே சிறு பலகையில் அந்த அம்மையாரின் பெயர், முதன்முறையாக, எந்தக் கடையின் பெயரும் உடன் இல்லாமல். அவர் அதை ஒரு முறை வாசித்தார். பிறகு வேறு யாரோ வாசிப்பதைப் போல் சற்றுத் தள்ளி நின்று இன்னொரு முறை வாசித்தார்.

வந்தவர்களில் பலர் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார்கள். வழவழப்பான தாள் விரலில் பட்டதும் வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டார்கள். பாய் படத்தருகே நின்று, "துணி இல்லீங்க, போட்டோ. வாத்தியாரு எடுத்தது. நான்தான் மூக்கப் புடிச்சிக்கினு நின்னேன்," என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்தார். குரலைக் கேட்டதும் அந்த அம்மையார் என் மனைவியின் முழங்கையை அழுத்தினார். சென்ற ஆண்டு தொலைபேசியில் பேசியவர் அவரே. அவரும் மற்றவர்களைப் போலவே மொட்டொன்றைத் தொட்டுப் பார்த்து வியந்தார்.

"அருமையா இருக்கும்மா. ஆனா துணியையே கொண்டாந்து வெச்சிருக்கலாமே?"

அம்மையார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"துணி பாரிசுக்குப் போயிடுச்சு சார்," என்றார். "இங்க இருக்கறது வேலைப்பாடு."